ஸ்மித் என்ன ஆக்கள்?

ஸ்காபரோ பிளாசாவில் ஒரு சின்னக் கடை. குடும்பப் பெயரைச் சொன்னால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் பிரேம் போட்டுத் தருகிறார்கள். கடைக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. எனக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக்காரரின் பெயர் ஸ்மித்.

இடைக்கால இங்கிலாந்தில் இரும்படித்தவருக்கு ஊர் வைத்த பெயர்தான் ஸ்மித் என்று அண்ணை ஆங்கிலத்தில் விளக்குகிறார். ஸ்மித் பூரித்துப்போய்ப் பிரேமை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். "உழைத்த பரம்பரை, பெருமைப்படுங்கள்" என்று அண்ணை அவர் கையைக் குலுக்கி அனுப்புகிறார்.

பிறகு என் பக்கம் திரும்புகிறார்.

"தம்பி இந்தியாவோ? எவடம்?"

"மதுரைங்க."

"மதுரையிலை எவடம்?"

"டவுனுக்குள்ளதான்."

"அப்பா என்ன வேலை?"

"பேங்க்ல இருந்தாரு."

"அவரின்ரை அப்பா?"

கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை. ஸ்மித்துக்காகப் பல நூற்றாண்டுகளைப் புரட்டியவருக்கு, என்னை அறிய நாலு கேள்வி போதும். நான் சுவரிலுள்ள பிரேம்களைப் பார்க்கத் தொடங்கியதும், குரலைத் தாழ்த்தி, குலுக்குவதற்குக் கையை நீட்டுகிறார்.

"இல்லை, சும்மா கேக்கிறன். நீங்கள் என்ன ஆக்கள்?"

வாசலைத் தாண்டும் ஸ்மித்தைக் காட்டுகிறேன்.

"அவரோட ஆளுங்கதாண்ணே. தாத்தா இரும்படிச்சவரு."

நீட்டிய கை பாதியில் திரும்பிப்போய், மேசைமேல் கிடக்கும் பேனாவை எடுத்துக்கொள்கிறது.