இரண்டு நூற்றிருபது ஓம்

சின்ன வயதில் அப்பாவின் டார்ச் லைட்டைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்பிரிங் மிஞ்சிப்போனது. அன்றிலிருந்து அவளுக்கு டார்ச்சு என்று பெயர் விழுந்தது. நாற்பத்தைந்து வயதாகி, தையல் கம்பெனியில் பட்டன் பிரிவுக்கே சூப்பர்வைசரான பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. மிஞ்சிய ஸ்பிரிங்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற குடும்பம், அதற்குப் பிறகும் அந்த டார்ச் எரிந்ததை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டது.

அண்ணன் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கரண்ட் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அவன் கைக்குத்தான் போகும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் ரேடியோ அடாப்டர் உயிரை விட்டது. அப்பா படுத்த படுக்கை. அந்த ரேடியோதான் அவருக்கு உலகம். புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றான் அண்ணன். நானே செய்கிறேன் என்றாள் டார்ச்சு. குமிழைத் திருப்பினால் வோல்ட்டேஜ் ஏறி இறங்க வேண்டும், ரேடியோவுக்கு வேண்டிய ஆறில் வைத்தால் ஆறிலேயே நிற்க வேண்டும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்த ஆசை வந்திருந்தது.

சாப்பாட்டு மேஜைதான் பட்டறை. வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப் சார்ஜரிலிருந்து கரண்ட் எடுத்தாள். மூன்று கால் உள்ள ஐசியில் இடது காலில்தான் கரண்ட் நுழையும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அது நுழைவது வலது காலில். விரல் பொசுங்கியது, ஐசி செத்தது. இன்னொன்று வாங்கி வந்து ஒழுங்காக வைத்தாள். இருநூற்று நாற்பது ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள், கடையில் இல்லை. நூற்றிருபது ஓம் உள்ளதில் இரண்டை வாங்கி, சர்க்யூட் பலகையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டாள். ஒரு ஆள் உட்காருகிற இடத்தில் ரெண்டு பேரா என்று அண்ணன் கிண்டலடித்தான். ஈயமும் அங்கங்கே உருண்டை உருண்டையாகத்தான் நின்றது. ஆனால் மீட்டரை வைத்துக் குமிழைத் திருப்பியபோது எண் அவள் விரல் சொன்னபடி கேட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டி போட்டுத் தருகிறேன் என்று அண்ணன் அதை வாங்கிக்கொண்டு போனான். கறுப்புப் பெட்டியில் பூட்டி, குமிழ் மாட்டி, மறுநாளே கொண்டுவந்து ரேடியோவில் சேர்த்தான். ரேடியோ பேசியது. அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து யார் பார்க்க வந்தாலும் அந்தப் பெட்டியைக் காட்டி, “எம் பொண்ணு செஞ்சது” என்பார். அந்தப் பேச்சு டார்ச்சுவை நிமிர்த்திவிட்டது. கம்பெனியில் யார் சார்ஜர் கெட்டாலும் அவளிடம்தான் வந்தது, அவளும் சரி செய்து கொடுத்தாள். பெட்டியை ஒருதடவை பிரித்துப் பார்க்க நினைத்தபோது, ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு நோண்டுகிறாய், உள்ளே தூசி போய்விடும் என்று அண்ணன் தடுத்துவிட்டான்.

இப்போது அடுத்த தெருவில் இருக்கிற பயிற்சி மையத்தில், புதிதாக எலக்ட்ரானிக்ஸ் கற்கும் பெண்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். முதன்முதலில் நீங்கள் செய்ததைத் திறந்து காட்டுங்கள், அவர்களுக்குத் தைரியம் வரும் என்றார்கள். தனக்கே பொத்துக்கொண்டு வந்த தைரியத்தில் சரி என்றுவிட்டாள். வகுப்புக்கு முந்தின நாள் மாலை, அப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் பெட்டியைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள்.

உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் இருந்தது.

ஈயம் முத்து முத்தாக, அழகாக வைத்திருந்தது. கைதேர்ந்தவன் வேலை. பட்டனுக்குப் பட்டன் யார் தைத்தது என்று சொல்லக்கூடியவளுக்கு, இது தன் கை இல்லை என்று தெரிய எவ்வளவு நேரமாகும்? நாலு வருஷமாக யாரோ செய்ததைச் சுமந்துகொண்டு திரிந்தோமே என்று அவமானத்தில் காது சுட்டது.

நேராக அண்ணன் கடைக்குப் போனாள். அவன் மேஜைமேல் திறந்த பெட்டியை வைத்தாள். அவன் பார்த்தான், மழுப்பினான், பிறகு வழியில்லாமல் ஒப்புக்கொண்டான்.

“அப்பாதான் சொன்னாரு. அவ ஏதாவது ஏடாகூடமா செஞ்சிருப்பா, ரேடியோ பொசுங்கிடும், நீ வேற போட்டுக் குடுன்னாரு. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான் உங்கிட்ட சொல்லல.”

அண்ணன் செய்தது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். அப்பாவுக்குத் தெரியும் என்பதுதான் நெஞ்சில் இறங்கியது. தெரிந்துகொண்டேதான் அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார்.

“என்னோடது எங்கண்ணே?”

மேஜைக்கு அடியில் கழித்துப்போட்ட சாமான்களைக் கிளறி அவள் பலகையை எடுத்துக் கொடுத்தான். இரண்டு நூற்றிருபதும் தூசியோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

“இதுல என்ன கோளாறு?”

அவன் தலையைச் சொறிந்தான். “போட்டுப் பாக்கல.”

அவள் அங்கேயே போட்டுப் பார்த்தாள். குமிழைத் திருப்பத் திருப்ப மீட்டரில் எண் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆறில் நிறுத்தினாள், ஆறிலேயே நின்றது. நல்லாத்தான் இருக்கு என்று அண்ணன் முனகினான். அவள் பலகையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அப்பா விழித்திருந்தார். மாடி வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். டார்ச்சு தன் பலகையைப் பெட்டி கிட்டி எதுவும் இல்லாமல் அப்படியே ரேடியோவில் சேர்த்தாள். செய்தி வாசிப்பு கணீரென்று கேட்டது. அப்பாவின் பார்வை பலகைக்கு வரும் முன்பே வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

“எம் பொண்ணு செஞ்சது.”

“ஆமாப்பா,” என்றாள். “இன்னைக்கு நீங்க சொல்றது நிஜம்.”

மாடி வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. அவள் பக்கம் நீண்ட கை பாதியிலேயே நின்றுவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன் அந்தக் கை அவள் கையைப் பிடித்ததை அவள் நினைத்துக்கொண்டாள். அதுவும் பொய்யா என்று கேட்க வாய் வரவில்லை.

செய்தி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு தன் பலகையைக் கழற்றி, நாளை வகுப்புக்கென்று பையில் வைத்தாள். அண்ணன் செய்த கறுப்புப் பெட்டியை எடுத்து, பழையபடி ரேடியோவில் சேர்த்தாள்.

“உங்களுக்கு இதுவே இருக்கட்டும்பா,” என்றாள். “இது நீங்க நம்புனது.”