சிவப்புக் கரைக் கோட்டு

"தோள் பதினேழரை. இடது பக்கம் அரை விரல் இறக்கம்" என்கிறாள் பிரிஸ்கா டுங்டுங், பேருந்துக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவரின் முதுகைப் பார்த்து. அந்த மனிதர் திரும்பி முறைத்தால், "தப்பா நெனைக்காதீங்க, பையத் தோள் மாத்திப் போடுங்க, சரியாயிடும்" என்று வைத்தியர்போல் யோசனையும் சொல்வாள். ஞாயிறன்று தேவாலயத்தில் நற்கருணை வரிசையில் நிற்கும்போது அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் ஜெபம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது முன்னால் நிற்பவரின் இடுப்பளவு என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும்.

ஜார்க்கண்டின் சிம்டேகாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கைபேசி பழுதுபார்க்கும் கடையை ஒட்டினாற்போல் அவளுடைய தையற்கடை. வயது நாற்பத்தாறு. ஊரில் பாதி ஹாக்கிச் சட்டைகள் அவள் தைத்தவை. பேசும்போதும் வாயில் குண்டூசி இருக்கும். கோபம் வந்தால்தான் அதை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொள்வாள். அவள் கை வாயருகே போனதுமே கடையில் இருப்பவர்கள் மெல்ல நழுவத் தொடங்குவார்கள்.

பதினேழு வயதில் டெல்லிக்கு வீட்டுவேலைக்குப் போனவள். போகும்போது கட்டியிருந்தது, வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட எங்கள் ஆதிவாசிப் பெண்களின் கெட்டிப் புடவை. வேலைக்குப் போன வீட்டில் அதைப் பார்த்து, "என்னடி, நாடகத்துலயா நடிக்கப் போற?" என்று சிரித்தார்கள். அன்று பெட்டிக்கு அடியில் போன புடவை ஒன்பது வருடம் வெளியே வரவில்லை. இடையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்து கோட்டு தைக்கப் பழகினாள். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் புடவையை வெட்டித் தனக்கொரு கோட்டு தைத்துக்கொண்டாள். நல்ல புடவையை நாசம் பண்ணிவிட்டாள் என்று அவள் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள், "எனக்கும் ஒண்ணு தை. பெரிய பையா வச்சு" என்றாள்.

இந்த வருட ஆதிவாசி தின விழாவில் உடை அணிவகுப்பு உண்டு என்று தெரிந்ததும், அதே சிவப்புக் கரைத் துணியில் வேலைக்குப் போடும் உடைகள் தைத்து, ஊர்க்காரர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு பிரிஸ்கா பெயர் கொடுத்தாள். விழாக் குழுச் செயலாளர் அமிர்த் ஸோரேங், ஓய்வுபெற்ற அரசு எழுத்தர், தாமே கடைக்கு வந்தார்.

"பாரம்பரியம் தெரியணும் பிரிஸ்கா. தலையில இறகு, இடுப்புல இலை, வெறுங்காலு."

குண்டூசி வாயிலிருந்து ரவிக்கைக்குப் போனது. "அண்ணே, உங்க வீட்ல கடைசியா இலை கட்டினது யாரு?"

"அதில்லம்மா. வர்ற பெரிய மனுஷங்க அதத்தான எதிர்பாப்பாங்க?"

"எதிர்பாத்தா பாக்கட்டும். நாம கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா இருக்கோம்? பஸ்ல போறோம், ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறோம். நீங்க என்ன போட்டிருக்கீங்க? டெரிகாட்டன் பேன்ட்டு, இடுப்பு முப்பத்தெட்டு. இலைதான் வேணும்னா மொதல்ல உங்களுக்கே தச்சுடறேன்."

பக்கத்துக் கடைவரை சிரிப்பு கேட்டது. ஸோரேங் முகம் கறுத்து எழுந்துபோனார். மறுநாள் நிகழ்ச்சி நிரல் வந்தது. பிரிஸ்காவின் குழுவுக்குக் கொடுத்திருந்த நேரம் பகல் ஒரு மணி. சாப்பாட்டு நேரத்தில் மேடைப் பக்கம் யார் தலைகாட்டுவார்கள்?

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. தூறல் விட்டுவிட்டு விழுந்தது. ஒரு மணிக்குப் பிரிஸ்கா தன் எட்டுப் பேரோடு மேடைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நனைந்த நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. மூன்று போலீஸ்காரர்கள் மட்டும் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தார்கள்.

ஹாக்கியில் கோல் காக்கும் சுஷ்மிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நாற்காலிக்கா நடந்து காட்டணும்?"

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து மழைக்காளான் குழம்பு கொதிக்கும் மணமும் முசுற்றெறும்புத் துவையலின் புளிப்பும் காற்றில் வந்தன. கேழ்வரகு மோமோவுக்கு மட்டுமே நூறு பேர் வரிசை. பிரிஸ்கா அந்தக் கூட்டத்தைக் கைகாட்டினாள்.

"மேடை இங்க இருந்தா என்ன? ஜனம் அங்க இருக்கு. வாங்க, நடங்க."

இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள், நடுவே நாலைந்து பேர் சேர்ந்து நடக்கும் அகலத்தில் பாதை. முதல் கடைக்காரி எமெல்டா குல்லு, பிரிஸ்காவோடு பள்ளியில் படித்தவள். வருகிறவர்களைக் கண்டதும் கரண்டியால் பானைமூடியை ஓங்கித் தட்டினாள். "ஏய், வழிய விடுங்க! சாப்டுக்கிட்டே பாருங்க. தொவையல மட்டும் அவுங்க மேல சிந்தினீங்க, தொலைச்சுடுவேன்!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. முதலில் கொத்து வேலை செய்யும் ரோஸ்லிண்டா வந்தாள், கால்சட்டையின் பக்கவாட்டில் சிவப்புக் கரை மேலிருந்து கீழ்வரை ஓட, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "அடியே, நம்ம ரோஸ்லிண்டாடி!" என்று யாரோ கத்த, அவள் நடையே மாறிப்போயிற்று. அடுத்து, பயணச்சீட்டுக் கருவிக்கென்றே பை வைத்த அரைக்கோட்டில் ராஞ்சி வண்டி நடத்துனர். ஒரு விசில் அடித்து "ரைட்!" என்றார், பாதை முழுக்கச் சிரித்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான செவிலியின் அங்கியில் கரை வயிற்றைச் சுற்றி வளைந்து போயிற்று. பெண்கள் குலவையிட்டார்கள். கடைசியில் சுஷ்மிதா, முழங்கைவரை கரை ஏறிய சட்டையில், பந்தைத் தடுக்கப் போகிறவள்போல் கைகளை விரித்து வந்தாள்.

பாதையின் முடிவை அவர்கள் தொட்டபோது யாருக்கும் போதவில்லை. "இன்னொரு தடவ!" என்ற சத்தம் எழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மத்தளக்காரர்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மத்தளத்தை மாட்டினார்கள். இரண்டாவது சுற்றில் விருந்தினர் பந்தலில் இருந்த பெரிய மனிதர்கள் தொன்னையும் கையுமாக ஓடிவந்தார்கள். இறகு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோட்டு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். மூன்றாவது சுற்று நடையாக இல்லை. கையோடு கை கோத்து ஆட்டமாகிவிட்டது. யாரோ பிரிஸ்காவையும் இழுத்து நடுவில் சேர்த்துவிட்டார்கள். டெல்லியில் ஒன்பது வருடம் தாழ்த்தியே வைத்திருந்த தலையை நிமிர்த்தி, நனைந்த முகத்தோடு, குரலெடுத்து அவள் பாடினாள்.

காளான் கடை ஓரத்தில் ஸோரேங் தனியாக நின்றிருந்தார். முகம் உம்மென்று இருந்தது. கால் மட்டும் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது.

ஆட்டவரிசை அவரருகே வந்தபோது பிரிஸ்கா, ரோஸ்லிண்டாவோடு கோத்திருந்த கையை விடுவித்து, இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம்விட்டு, முழங்கையை மடித்து அவர் பக்கம் நீட்டினாள்.