கூறைத் தட்டத்தில் ஒரு வெட்கங்கெட்டவள்

எண்பத்தாறாம் ஆண்டு கோடையில், டெனிஷ் பட்டணமான விபோர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் எனக்குக் கலியாணம் நடந்தது. மணவறைக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம். அதையும் சும்மா விடாமல் யாரோ ஏணி வைத்து ஏறி, மாவிலைக்குப் பதிலாகப் பச்சைக் கடதாசியை வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நாதஸ்வரமும் தவிலுமாக மேளச்சமா கசெட்டில் ஓடியது. ஐயர் இல்லாததால் தேவாரம் தெரிந்த பெரியவர் ஒருவரே எல்லாவற்றையும் நடத்தினார். அந்த வட்டாரத்துத் தமிழருக்கு அதுதான் முதல் கலியாணம். எல்லாருக்கும் கால் தரையில் நிற்கவில்லை, எனக்கும்தான்.

ஆனால் எனக்கு ஒரு பயமும் இருந்தது. ஊரில் சிநேகிதிகள் எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டபோது, சிரிக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். அண்ணை பேசி முடித்த மாப்பிள்ளை கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். என்னைப் பார்க்க ஒரே ஒருமுறை வந்தார். வந்து, கதிரை நுனியில் இருந்து, கிரின்ஸ்டெட்டுக்குப் பஸ் குறைவு என்பதைப் பற்றி அண்ணையோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். என்னைப் பார்த்து ஒரு சொல் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, அந்தக் குறைவான பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

"நல்ல பொடியன். வீண் கதை பேச்சில்லை" என்றார் அண்ணை.

"அதுதான் அண்ணை எனக்குப் பயமாக் கிடக்கு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். வாழ்நாள் முழுக்கப் பஸ் கதை கேட்க என்னால் முடியாது.

சரி, கலியாணத்துக்கு வருகிறேன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வாங்கிய கூறைச் சேலையையும் தாலியையும் ஒரு தட்டத்தில் வைப்பார்கள். பொம்பிளை அலங்கரித்துக்கொள்ளச் சீப்பு, கண்ணாடி, பவுடர், சென்ட் எல்லாம் அதே தட்டத்தில் இருக்கும். சபையில் எல்லாரும் தொட்டு ஆசீர்வதித்த பிறகு மாப்பிள்ளை அதைப் பொம்பிளையிடம் கொடுப்பார். அவள் போய்க் கூறை உடுத்து வருவாள், பிறகு தாலி. தட்டம் சுற்றிவரும் நேரம் பொம்பிளை குனிந்த தலை நிமிரக்கூடாது. நான் குனிந்துதான் இருந்தேன், கண்ணை மட்டும் மேலே விட்டிருந்தேன்.

தமிழர் வரிசைகளைத் தாண்டித் தட்டம் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே மாப்பிள்ளையோடு வேலை செய்கிற டெனிஷ்காரர் குடும்பங்களாக வந்திருந்தார்கள். எல்லாரும் தொடவேண்டும் என்று அண்ணை தனக்குத் தெரிந்த டெனிஷில் விளக்கினார். முதலில் இருந்தவர் தொழிற்சாலைப் போர்மனின் மனைவி, வாட்டசாட்டமான மனுஷி. அவர் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். சென்ட் போத்தலைத் தூக்கிப் பெயரை வாசித்தார். வாசித்தவர் வாயைப் பொத்திக்கொண்டு கணவனின் விலாவில் இடித்தார். பிறகு, விருந்தாளிகளுக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, மூடியைக் கழற்றித் தன் மணிக்கட்டில் இரண்டு தரம் அடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

அடுத்தவரும் வாசித்தார், சிரித்தார், அடித்தார். போர்மன் தன் தாடிக்கே அடித்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு. மண்டபம் முழுக்க வாசம். எனக்குக் காது கொதித்தது. என் கொண்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, நிறத்தைப் பார்த்தா என்று மனம் அலைந்தது. இவர்களோடுதானே இனிக் காலம் தள்ளவேண்டும் என்று ஆத்திரமும் வந்தது.

தேவாரம் பாதியில் நின்றது. "அங்கை என்ன சிரிப்பு?" என்றார் பெரியவர். அண்ணை முகம் கறுத்துப்போய்த் தட்டத்தைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தார். போத்தலில் கால்வாசிதான் மிச்சம்.

மாப்பிள்ளை எழுந்து தட்டத்தை என் கையில் வைத்தார். பெரியவர் விட்ட இடத்திலிருந்து தேவாரத்தைத் தொடங்கியதும், அந்தச் சத்தத்துக்குள் மாப்பிள்ளை மெல்லச் சொன்னார்: "மன்னிச்சுக்கொள்ளும். உம்மைப் பாத்துச் சிரிக்கேல்லை. அந்தச் சென்ற்றின்ரை பேரைப் பாத்துத்தான்."

"என்ன பேர்?"

"ஸ்கம்லூஸ். வெக்கங்கெட்டவள் எண்டு அர்த்தம்."

எங்கள் ஊர்க் கடைகளில் பவுடருக்கும் சவர்க்காரத்துக்கும் பூவின் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் சாமியின் பெயர். ஒரு பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசுகிற சொல்லைப் போத்தலில் பொன் எழுத்தில் எழுதி விற்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பின்னர் டெனிஷ் படித்துவிட்டு வைலே நகரத்தில் கடை கடையாக ஏறி இறங்கியபோது, கள்ள முத்தம், பாவி, படுக்கையறை என்று உதட்டுச் சாயங்களின் பெயர்களை வாசித்து வாசித்து ரசித்திருக்கிறேன். அன்றைக்கு ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

"தெரியாமல் வாங்கிப்போட்டியளோ?" என்று கேட்டேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "இல்லை. தெரிஞ்சுதான் வாங்கினன். தட்டம் அவையளிட்டையும் போகுமெண்டு யோசிக்கேல்லை."

"தெரிஞ்சோ? ஏன்?"

"எனக்குச் சரியான வெக்கம். அண்டைக்கு உம்மோடை கதைக்கத்தான் வந்தனான், பஸ்ஸைத் தவிர ஒண்டும் வாயிலை வரேல்லை. வீட்டிலை ஒராளெண்டாலும் வெக்கமில்லாமல் இருக்கவேணுமெல்லே."

நான் சிரித்துவிட்டேன். மணவறையில், கையில் தட்டத்தோடு, சபைக்கே கேட்கிற மாதிரி. "பொம்பிளை குனிஞ்சு நில்லும்" என்று பெரியவர் அதட்டினார். டெனிஷ்காரர் ஏதோ சடங்கு நிறைவேறியதாக நினைத்துக் கை தட்டினார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் உடை மாற்றும் அறையில் கூறை உடுத்தேன். போத்தலில் இருந்த மிச்சம் முழுவதையும் கழுத்திலும் தலையிலும் அடித்துக்கொண்டேன். திரும்பி வந்து மணவறையில் இருந்தேன். அவர் தாலி கட்டக் குனிந்தார். என் காது அவர் வாய்க்குப் பக்கத்திலும், அவர் காது என் வாய்க்குப் பக்கத்திலும் இருந்தன.

"இனி அந்த வெக்கங்கெட்ட வேலையை நான் பாக்கிறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்றேன்.

மனிதர் அப்படிச் சிரிப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கை நழுவி, தாலி முடிச்சை முதலிலிருந்து மறுபடி போட வேண்டியதாயிற்று.