ஒரு கழித்தல் குறி

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பனியன் கம்பெனி, ஏலக்காய்த் தோட்டம், கொடைக்கானலில் ஒரு லாட்ஜ் என்று அலைந்துவிட்டு, அந்த வருடம் அதே மலையில் பூண்டி என்ற ஊரில் ஒரு அக்காவின் கொட்டகையில் தங்கியிருந்தேன். தனியாகப் பூண்டு வெள்ளாமை பார்ப்பவர். நான் மூட்டை சுமந்தேன். அவர் சோறு போட்டார். என்னிடம் கீறல் விழுந்த ஒரு லேப்டாப் இருந்தது. லாட்ஜில் ஆள் வராத மழை நாட்களில் போனைப் பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதப் பழகியிருந்தேன்.

ஊரிலிருந்து சந்தைக்கு இரண்டே வேன்கள். எந்த வேன் எந்தப் பக்கம் போகிறது என்று போனில் பார்க்க ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். டிரைவர்கள் கிளம்பும்போது தங்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். ஊருக்கு ஏறி வந்தால் ‘மேலே’, சந்தைக்கு இறங்கினால் ‘கீழே’ என்று எழுத்து வரும்.

“எழுத்த எவன் நின்னு படிப்பான்? அம்புக்குறி போடுப்பா” என்றார் ஒரு டிரைவர்.

அம்பை நானே புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு வரைந்தேன். ஓரமெல்லாம் பிசிறு. கோடுகளை அழகாக வரைந்து தரும் சின்ன லைப்ரரி ஒன்று, யாரோ எழுதி வைத்த ஆயத்தப் புரோகிராம், இணையத்தில் கிடைத்தது. அதைச் சேர்த்து, என் கணக்கை அப்படியே அதனிடம் கொடுத்தேன். ஒரு வேனுக்கு மேல் அம்பு, இன்னொன்றுக்குக் கீழ் அம்பு. பளிச்சென்று இருந்தன. பக்கத்தில் போட்டுவிட்டேன்.

மறுநாள் வாரச் சந்தை. ஈரம் பட்ட பூண்டு. அன்று போகாவிட்டால் முளைவிட்டுவிடும். கொட்டகையிலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தான ஏற்றம், மூட்டைகளைச் சுமந்துதான் ஏற்ற வேண்டும். வெள்ளனே அக்கா போனைப் பார்த்தார்.

“ஏலே, வண்டி இப்பத்தான் மேல ஏறி வருது. உச்சியில சரக்கு ஏத்திட்டுத் திரும்ப நேரமாகும். கஞ்சியக் குடி.”

குடித்துக்கொண்டிருந்தபோதே தலைக்கு மேல் வளைவில் வேன் சத்தம் கேட்டது. இறங்கும் சத்தம். ரோட்டில் ஆளைக் காணாததால் நிற்காமலே போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. திரையில் புள்ளிகளை மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி எண்ண வேண்டும். என் கணக்கு அப்படி. லைப்ரரியோ பள்ளிக்கூட கிராஃப் தாள் மாதிரி கீழிருந்து மேலே எண்ணியது. எல்லா அம்பும் தலைகீழ். அதன் குறிப்பில் எழுதியிருந்ததுதான். ஆங்கிலம், பாதிதான் படித்தேன்.

கணக்கில் ஒரு கழித்தல் குறி போட்டால் போதும். கொட்டகையில் அதற்குள் சிக்னல் போயிருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினேன். மூடுபனி. சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. வந்த நொடியில் டிரைவருக்குப் போன் அடித்தேன், மலைப்பாதையில் அவருக்கும் சிக்னல் இல்லை. தப்பு என்னவென்று தெரியும், எந்த இடத்தில் என்றும் தெரியும். மத்தியானம் வரை பாறையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வேன் ஏறி வந்தபோது சந்தை கலைந்திருக்கும் நேரம்.

“ஊருக்கே வழி காட்டுற சோலி பாத்தியே, நம்ம மூட்டை எட்டும் இங்கயே கெடக்கு” என்றார் அக்கா. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அம்பெல்லாம் தலைகீழாக இருந்ததை அவரிடம் சொன்னேன். சாயங்காலம் சிக்னல் வந்ததும் திருத்தினேன்.

அடுத்த சந்தைக்குள் மூன்று மூட்டை முளைத்துவிட்டது. அவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கட்டினோம். அன்று காலை அம்பு மேலே காட்டியது. உண்மையிலேயே வேன் ஏறித்தான் வந்துகொண்டிருந்தது. அக்கா போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

“கீழ எறங்குது. வெரசா தூக்கு.”

“இப்பச் சரி பண்ணிட்டேன்க்கா. நேரா புடிச்சுப் பாருங்க.”

“அன்னைக்கும் சரியாத்தானே பண்ணியிருந்த?”

 முதல் மூட்டையைத் தலையில் ஏற்றினேன். ஐந்தையும் ரோட்டில் சேர்த்து, தார்ப்பாய் போட்டு, தூறலில் இரண்டு மணி நேரம் நின்றோம். வேன் ஏறிப் போனது. பிறகு இறங்கி வந்தது. அக்கா நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றார். போன் இடுப்பில் செருகியிருந்தது. அதை அவர் எடுக்கவே இல்லை.