முன் சீட்டு

பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்த ஆயாம்மாவுக்குத் தெருவில் வைத்திருந்த பெயர் ‘துப்பறியும் அக்கா’. பால் தண்ணீராக இருந்தால் பால்காரரைச் சந்தேகப்படுவார். கெட்டியாக இருந்தாலோ, இன்றைக்கு மட்டும் ஏன் கெட்டியாக இருக்கிறது என்று சந்தேகப்படுவார். அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

ஊரையே சந்தேகப்பட்டவர் ஒரே ஒருவனை விட்டுவைத்தார். வேன் ஓட்டுகிற மருமகன். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

“உங்களுக்கு முட்டிவலி அத்தே. வீடு வழியிலதானே, இறங்கிக்கோங்க. கடைசிப் பிள்ளைய நான் விட்டுர்றேன்” என்பான். மாமியார்மேல் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய் அவரும் இறங்கிவிடுவார்.

பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமி எப்படிக் கடைசிப் பிள்ளையானாள்? வழியை மாற்றியது யார்? வாய் ஓயாதவள் ஏன் இப்படி ஊமையாகிவிட்டாள்? தான் இறங்கிக் கதவைச் சாத்தியதுமே அவளை ஏன் முன் சீட்டுக்குக் கூப்பிடுகிறான்?

ஒருநாள் இறங்கப் போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். “இறங்காதீங்க ஆயாம்மா.”

அவர் திரும்ப உட்கார்ந்தார். கடைசி வரை இறங்கவில்லை. மருமகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியையிடம் போனார்.

“வெறும் சந்தேகந்தானே? ஆதாரம் இல்லாம பழி போடலாமா? பள்ளிக்கூடத்துப் பேரு என்னாகும்?” என்றார் தலைமையாசிரியை.

“சந்தேகம் வந்தாலே சொல்லணும், அதான் சட்டம்னு நமக்கு வகுப்பு எடுத்தாங்களே மேடம். நீங்களும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க. ஆதாரம் தேடறது போலீஸ் வேலை. மூடி மறைச்சா நாமளும் குத்தவாளி.”

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். இவர் வெளியே வந்து, பள்ளி வாசலிலேயே நின்று குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். யார்மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். மருமகன் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மகள் வாழ்க்கையில் தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போடுகிறோம் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அன்றைக்கே போலீஸ் அவனை விசாரணைக்கு அழைத்துப் போனது. சாயங்காலம் மகள் வந்து சமையலறையில் நின்றாள்.

“ஊரைச் சந்தேகப்பட்டது போதாதுன்னு என் வீட்டுக்குள்ளயும் வந்துட்டியாம்மா? எந்தப் பொண்ணு அது?”

“சொல்ல மாட்டேன். பிள்ளை யாருன்னு வெளிய தெரியக் கூடாது. அதுவும் சட்டந்தான்.”

வாழ்நாளில் முதல் தடவையாகத் துப்பறியும் அக்கா ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருந்தார். அந்தச் சிறுமியைப் பற்றிப் போலீசைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

மகள் அழுதாள். அழுதுகொண்டே, “முன் சீட்டுல உட்காருவாளே, அவளா?” என்று கேட்டாள்.

அவர் அடுப்பை அணைத்தார். மகள் அந்த வேனில் ஒருநாளும் ஏறியதில்லை.

“முன் சீட்டுன்னு உனக்கு எப்படிடி தெரியும்?”