வளைவில் கை நீட்டி நின்ற ஏரல் டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஓர் உப்பு லாரி வந்து நின்றது. டிரைவர் அந்தோணி இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நம்ம ஏரல் டீச்சர் போயிட்டாக டீச்சர். விடியக்காலம் நெஞ்சு வலின்னாகளாம், அம்புட்டுதான்" என்றார். ஏரல் டீச்சர் என்று எல்லாரும் கூப்பிட்ட தங்கபுஷ்பம் அக்காவின் சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்புவதற்குள் லாரிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவரை அறிந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

முத்தையாபுரத்தில் எங்கள் பள்ளிக்கூட வாசல், துறைமுகம் போகும் சாலையின் வளைவில் திறக்கிறது. எந்தப் புண்ணியவான் அங்கே கேட் வைத்தானோ! எதிர்ப்பக்கம் தொழிலாளர் வீடுகள், நடுவே நாள் முழுக்க லாரி. ஒரு வருடம் உச்சி நேரத்தில், சாப்பிட வீட்டுக்கு ஓடிய செல்வியை லாரி அடித்துப் போட்டது. எட்டு வயது. அக்காவின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. வேகத்தடை கேட்டு நாங்கள் எழுதிய மனுக்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

பிறகு ஒரு நாள் அக்கா கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் போய் நின்று டீ குடித்தார். அப்படி ஒரு காட்சியை அன்றுதான் பார்த்தேன். நான்கைந்து டிரைவர்கள் காதுபட, "ஏன் அண்ணாச்சி, உச்சிவேளையில அந்த வளைவுல ஒரு பிள்ள கைய நீட்டிக்கிட்டு நிக்குதாமே, நெசந்தானா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். பச்சைப் பொய். நான் சண்டைக்குப் போனேன். "ஏளா கோமதி, சட்டத்துக்குப் பயப்படாதவனும் செத்ததுக்குப் பயப்படுவாம்ளா" என்று சிரித்தார்.

ஒரே வாரத்தில் லாரிகள் வளைவில் ஊர ஆரம்பித்தன. யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். எலுமிச்சம்பழம் வந்தது, பின்னாலேயே சிதறுதேங்காயும் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது அங்கேதான். சிதறுதேங்காய் விழுந்தால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? நடுச்சாலையில் பாய்ந்து பாய்ந்து பொறுக்கின. படித்த டீச்சர்கள் இரண்டு பேர் இருந்தோம், ஒருத்திக்குக்கூட இது முன்னால் தோன்றவில்லை பாருங்கள்.

ஒரு மதியம் தேங்காய்ச் சில்லுக்கு ஓடிய ஒன்றாம் வகுப்புப் பையன் தடுக்கிக் குப்புற விழுந்தான். வந்த லாரி அவன் தலைக்கு ஒரு முழம் முன்னால் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டி வந்தவர் அந்தோணி. கதவைத் திறந்துபோட்டு இறங்கி ஓடிவந்தார். "பையன நான் பாக்கவே இல்ல டீச்சர், மாதா மேல சத்தியம். ஒரு பொம்பளப் பிள்ள கைய நீட்டுச்சு, அதுக்குத்தான் பிரேக்க மிதிச்சேன்" என்றார். டீக்கடைப் பேச்சு மண்டையில் ஏறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அக்கா மட்டும் அவரிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"யூனிபாரம் போட்டிருந்துச்சு. தோள்ல பொத்தான் இல்ல, ஊக்கு குத்தியிருந்துச்சு."

அக்கா சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் காலி வகுப்பறையில் வைத்து என்னிடம் சொன்னார். செல்வி செத்த அன்று காலை அவள் தோளில் பொத்தான் அறுந்திருந்ததாம். தன் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டது அக்காதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. "பொய்யச் சொல்லி அந்தப் பிள்ளய வெயில்ல நிப்பாட்டிட்டேன்ளா. செத்த பெறவும் அதுக்கு வேல வச்சிட்டேனே, பாவி" என்று வாய்விட்டு அழுதார். பேய் பிசாசு என்றால் நான் கேலி பேசுகிறவள். அன்று அந்த வளைவைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாளே அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்தார். "தேங்காயும் வேண்டாம், பழமும் வேண்டாம் அண்ணாச்சி. வண்டிய நிப்பாட்டுங்க, அது போதும்" என்று டிரைவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டார். காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று வேளையும் வளைவில் இரண்டு கைகளையும் நீட்டி நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் ஏரலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றார். வீட்டில் இருங்கள் அக்கா என்று நான் கத்தினால், "நான் நிக்காட்டா அவ வந்து நிக்கணும்லா?" என்பார். அவர் நின்ற காலமெல்லாம் அந்தப் பிள்ளையைப் பார்த்ததாக ஒரு டிரைவரும் சொன்னதில்லை.

ஞாயிறு மாலை ஏரலில் எல்லாம் முடிந்தது. மறுநாள் அழுத முகத்தோடு பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போக எனக்குக் கால் மணி நேரம் பிந்திவிட்டது. வளைவில் மூன்று லாரிகள் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன. பிள்ளைகள் கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். நிறுத்தியவர் என்று ஒருவரையும் காணவில்லை. முதல் லாரியில் அந்தோணி இருந்தார்.

"யாரு அந்தோணி நிப்பாட்டுனது?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வெறும் சாலையைப் பார்த்தபடியே, "அது வந்துட்டு டீச்சர்" என்றார்.

பயந்தேன், சொல்வதற்கென்ன. ஆனாலும் நடந்துபோய், அக்கா நிற்கும் இடத்தில் கைகளை நீட்டி நின்றேன். "நீ போ தாயீ, இனி நான் நிக்கேன்" என்று சத்தமாகவே சொன்னேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று வந்தது அந்த இடம் ஒன்றுதான். எனக்கும் ஐம்பத்தாறு முடிகிறது, முட்டி வலி வேறு. அவரை அறிந்தவர்களே, அழுதது போதும். ஆளுக்கொரு நாள் வந்து அங்கே நில்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளையை இன்னும் எத்தனை காலம் வெயிலில் நிற்க வைப்பது?