என்னை நன்றாகத் தெரிந்தவர்

சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கிறேன். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. என்னை நன்றாகத் தெரிந்த பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம்.

இன்று துறைத்தலைவரிடம் போனேன். ஒன்றரை வருடமாக அவர் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள் நான்.

"உன் பேர் என்னம்மா?" என்றார். "நீயே நல்லதா நாலு வரி டைப் பண்ணி எடுத்துட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பாபநாசம் திரும்பும் பஸ்ஸில் ஃபோனில் எழுதத் தொடங்கினேன். 'இந்த மாணவியை எனக்கு நன்றாகத் தெரியும்.' அதற்குமேல் ஒரு வரி வரவில்லை.

கண்டக்டர் ஊரைக் கேட்காமலே இலவச டிக்கெட்டை நீட்டினார்.

"ரெண்டு நாளா ஆளக் காணோமே, உடம்பு முடியலையாம்மா?"

காய்ச்சல்தான். கல்லூரியில் யாரும் கேட்கவில்லை.

கண்டக்டர் கையெழுத்து செல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.